மதகடி ஞானஸ்நானம்

ஐசாக் வீபெ சபை நடுவில் அழுது முடித்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாவி என்ற பெயர் அகனேட்டாவுக்கு வந்து சேர்ந்தது. தண்ணீரை எடுத்தவன் அவன். அழுதவனும் அவன். மூக்கைச் சிந்திக்கொண்டு அவன் பெஞ்சில் உட்கார்ந்தபோது இரண்டு பக்கமிருந்தும் சகோதரர்கள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஆமென் சொல்லாமல் உட்கார்ந்திருந்த அகனேட்டா மட்டும் எல்லோர் கண்ணுக்கும் கல்நெஞ்சக்காரி ஆகிப்போனாள்.

நடந்தது ஜூலை பதினோராம் தேதி, வியாழக்கிழமை. பகல் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை அவர்கள் வீட்டுத் தண்ணீர் முறை. ஒன்பது நாளைக்கு ஒரு தடவைதான் முறை வரும். பீன்ஸ் செடி பூத்துக் கொட்டிக்கிடந்த நேரம். அன்றைக்குப் பார்த்து சபையில் ஒரு கிழவரின் அடக்கம். அவள் புருஷன் டீட்ரிக் மதகின் பலகையைத் தூக்கிவிட்டு, வயலுக்குள் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, காலைக் கழுவிக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஜெபவீட்டுக்கு வந்தார். பாட்டுக்கு நடுவில் வீபெ வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனான். போனவன் நேரே மதகுக்குப் போய் அவர்கள் பலகையை இறக்கி, தன் பலகையைத் தூக்கிவிட்டான். சாயங்காலம் திரும்பிவந்து வறண்டுகிடந்த மண்ணைப் பார்த்த டீட்ரிக், மலையிலேயே தண்ணீர் குறைந்துவிட்டது போல என்று சொன்னார். ஊரில் எதற்கும் மலையைக் குற்றம் சொல்வது சுலபம்.

மூன்று நாள் கழித்து, ஊருக்கு முறை வைத்துத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி சகின்பெக் குதிரையை வேலியோரம் நிறுத்தி, "நீங்களும் வீபெயும் முறைய மாத்திக்கிட்டீங்களா அக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே, சீட்டத் திருத்திருப்பேன்" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அடுத்த முறை வருவதற்குள் தலாஸ் பள்ளத்தாக்கின் வெயில் பூவையெல்லாம் கருக்கி உதிர்த்துவிட்டது. மூன்று துண்டு நிலத்தில் இரண்டு துண்டு போயிற்று. மூன்றாவதில் பிந்தி விதைத்த நான்கு பார், நான்கே நான்கு வரிசைச் செடி மட்டும் பாப்ளார் மர நிழலில் தப்பிக் காய் பிடித்திருந்தது. குளிர்காலத்துக்கு அந்த வீட்டுக்கு இருந்தது அந்த நான்கு பார்தான்.

ஆகஸ்டு கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மூப்பர் பென்னர் வந்தார். அகனேட்டா அந்தப் பாரில் களை கொத்திக்கொண்டிருந்தாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம், சகோதரி."

"ஸ்தோத்திரம். அங்கயே நில்லுங்க மூப்பரே. உள்ள வந்தா காய் மிதிபடும். மிஞ்சினதே இம்புட்டுத்தான்."

மூப்பர் வாய்க்கால் கரையிலேயே நின்றார். தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்தார். "ஞாயித்துக்கிழம ஞானஸ்நானம் முடிஞ்ச கையோட திருவிருந்து. மனத்தாங்கலோட யாராச்சும் இருந்தா நம்ம சபையில அப்பம் பிட்கிறதில்ல. என் தகப்பனார் காலத்துலயும் பிட்டதில்ல."

"பிட்க வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்?"

"நீ இன்னும் மன்னிக்கலயேம்மா."

"எத மன்னிக்கணும்? அத மொதல்ல சொல்லுங்க."

"ஐசாக் பண்ணினதத்தான்."

"என்ன பண்ணினான்?"

மூப்பர் பாப்ளார் மரத்தைப் பார்த்தார். "அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"தெரியும். ஆனா யாரு வாயிலயும் வரமாட்டேங்குது. அவன் சபையில நின்னு என்ன சொன்னான்? 'ஒரு காரியத்துல பலவீனப்பட்டுட்டேன்'னான். சளி பிடிச்சவன்கூட அப்படித்தான் சொல்லுவான். தண்ணிய எடுத்தேன்னு சொன்னானா? இன்னாரு வயல் காஞ்சுதுன்னு சொன்னானா? எங்க வீட்டு வாசப்படி ஏறி ஒரு வார்த்த கேட்டானா?"

"ஆண்டவர்கிட்ட கேட்டான். ஆண்டவர் மன்னிச்சாச்சு. சபை ஆமென் சொல்லியாச்சு. அதுக்கப்புறம் அதப் போட்டுக் கிண்டுறது..."

"பாவம். அதையும் சொல்லிட்டாங்க. உங்க வீட்டம்மாவே சொன்னாங்க, பால் கேன் வைக்கிற எடத்துல வச்சு." அகனேட்டா களைக்கொத்தை ஊன்றி நிமிர்ந்தாள். "ஆண்டவருக்கா பீன்ஸ் காஞ்சுது மூப்பரே? எனக்குல்ல காஞ்சுது. அடிபட்டவ இங்க நிக்கேன். அவன் நேரா மேல போய் மன்னிப்பு வாங்கிட்டு வந்துட்டான்."

"கிருபைங்கிறது..."

"வேதத்துல வர்ற சகேயு மரத்தவிட்டு எறங்கினதும் என்ன சொன்னான்? ஏமாத்தி வாங்கினத நாலத்தனையாத் திருப்பித் தாரேன்னான். நான் நாலு கேக்கல. அவன் முறையில ஒரே ஒரு முறை. இந்த நாலு பாரும் பொழச்சிரும்."

"கிருபைக்கு வெல பேசாத சகோதரி."

"வெல பேசல. நீதி கேக்கேன். கர்த்தர் நீதியுள்ளவர்னு வாரம் தவறாம பிரசங்கம் பண்றீங்களே, அது இந்த வாய்க்கால் வரைக்கும் வராதா?"

மூப்பர் கெட்ட மனிதர் இல்லை. முன்னோர் நாடு என்று பாதி சபை ஜெர்மனிக்குக் கிளம்பிப் போனபிறகு மிஞ்சிய முப்பது பேரைச் சண்டையில்லாமல் கட்டிக்காப்பதே அவருக்குப் பெரும்பாடு. சண்டை இல்லையென்றால் சமாதானம் என்பது அவர் கணக்கு. இருமிக்கொண்டு, வந்த வேலையின் மறுபாதியை எடுத்தார்.

"இன்னொரு விஷயம். வழக்கம்போல மதக அடைச்சுத் தண்ணி தேக்கினாத்தான் முங்கிற ஆழம் வரும். ஞாயித்துக்கிழம காலைல ஆறுலருந்து பதினொண்ணு வரைக்கும்... இந்தத் தடவ சீட்டுல உங்க முறை."

அகனேட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "பதினொண்ணுக்கு மேல யாரு?"

மூப்பர் மெதுவாகச் சொன்னார். "ஐசாக்."

"அப்ப பதினொண்ணுக்கு மேல முக்குங்க. அவன் தண்ணில."

"கேட்டேன். அவனுக்கு மேட்டு வயல் காயுதாம். வெயிலும் ஏறிரும், ஜெர்மனிலருந்து பிரசங்கியார் வேற வாராரு. உன் மக ஞானஸ்நானமும்மா அது! எட்டுக்கு ஆரம்பிச்சு ஒம்பதுக்கெல்லாம் மதகத் தொறந்துருவேன். ரெண்டு மணி நேரம் முழுசா ஒனக்கு. நான் பொறுப்பு."

இரண்டு மணி நேரம் நான்கு பாருக்குப் போதும். மகள் யுஸ்டினாவின் முகம் மனதில் வந்தது. பத்தொன்பது வயது வரை காத்திருந்து, சகோதரர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித் தேறிய பெண். அகனேட்டா சரி என்றாள். சொன்ன மறுநிமிஷமே தன்மேல் எரிச்சல் வந்தது.

போகும்போது மூப்பர் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழம மேஜைக்கு முன்னால மனசத் தெளிவாக்கிரு. இல்லேன்னா அப்பம் பிட்க முடியாது. யுஸ்டினாவுக்கு முதல் அப்பமும் தள்ளிப்போகும். அதுக்குமேல சகோதரர்கள் கூடி உன்ன விலக்கி வைக்கணும்பாங்க. அத என் வாயால சொல்ல வச்சுராத."

சனிக்கிழமை முழுக்க அவள் இரட்டை ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். பெரிய உருண்டைமேல் சின்ன உருண்டையை வைத்து விரலால் நடுவில் அழுத்த வேண்டும். அன்றைக்கு அழுத்திய அழுத்தலில் பாதி உருண்டை தட்டையாகிப் போயிற்று.

"மாவு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் டீட்ரிக். அடுப்புக்கு விறகு கொண்டுவந்திருந்தார்.

"நீங்க பேசாதீங்க. அவன் சபையில அழுதப்ப மொத ஆளாப் போயி கையக் குடுத்தது யாரு?"

"எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க அகனேட்டா. என்ன செய்யச் சொல்ற?"

"வயல் உங்களுதுன்னு நெனச்சா கையக் குடுங்க. களையெடுத்தது நான், வெதச்சது நான். எனக்கும் சேத்து நீங்க எப்படி மன்னிச்சீங்க?"

டீட்ரிக் விறகை அடுக்கினார். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினார். "கோவத்த வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற? போன பூ திரும்பி வருமா?"

"வராது. அதத்தான் அவன் வந்து வயல்ல நின்னு பாக்கணும்ங்கிறேன். பாத்துட்டு, நான் செஞ்சேன்னு சொல்லணும். அம்புட்டுத்தான். பெரிய ஆசையா இது?"

சாயங்காலம் வீபெயின் மனைவி லீஸ்பெட் வந்தாள். யுஸ்டினாவுக்கு ஞானஸ்நான உடுப்பு தைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஊரில் வெள்ளை உடுப்பு தைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாசலுக்கு உள்ளே வராமல் துணிப்பொட்டலத்தை நீட்டினாள்.

"ஓரத்துல சின்னக் கல்லு வச்சுத் தச்சிருக்கேன். தண்ணில உடுப்பு மேல மிதக்காது."

"உள்ள வா லீஸ்பெட். ரொட்டி சூடா இருக்கு."

"வேண்டாம்." அவள் விரலில் ஊசி குத்திய தழும்புகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "வீட்டுலயும் ஒரு வார்த்த சொல்லல அவரு. நான் கேட்டா, ஜெபத்துல வச்சுட்டேன், போன்னு கத்துறாரு. அந்தத் தண்ணில வெளஞ்ச பீன்ஸ நான் தெனமும் உரிக்கிறேன் அகனேட்டா. கை கூசுது."

அகனேட்டா அடுப்படிக்குப் போனாள். ஆறு ரொட்டியைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். லீஸ்பெட் அதை வாங்கிக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் மதகை அடைத்துவிட்டார்கள். எட்டு மணிக்குத் தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருந்தது. கரையில் பெஞ்சு போட்டு சபை ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்தது. யுஸ்டினாவும் இன்னும் இரண்டு பேரும் வெள்ளை உடுப்பில் முன்வரிசையில் இருந்தார்கள். மூன்று பாட்டு பாடினார்கள், ஒவ்வொன்றும் ஐந்து சரணம். மூப்பர் ஜெபித்தார். பிறகு ஜெர்மனியிலிருந்து வந்த பிரசங்கியார் எழுந்தார்.

அவர் நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கிருபையைப் பற்றிப் பேசினார். கிருபை தடையில்லாமல் பாய்கிற நதி என்றார். அவர் காலடியில் அகனேட்டாவின் தண்ணீர் அடைபட்டு நின்றது. எட்டே முக்காலுக்கு அவள் மூப்பரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். ஒன்பதரைக்குப் பிரசங்கியார் "கடைசியாக ஒன்று" என்றார். பத்தேகாலுக்கு இன்னும் ஒரு கடைசி வந்தது. டீட்ரிக்கின் கைக்கடிகாரத்தை அவள் இழுத்து இழுத்துப் பார்த்ததில் அவர் மணிக்கட்டு சிவந்துபோயிற்று.

"ஒம்பதுன்னாரே" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உஸ்ஸ். மக ஞானஸ்நானம்."

யுஸ்டினா தண்ணீரில் இறங்கியபோது மணி பத்தே முக்கால். "விசுவாசிக்கிறாயா?" என்று மூப்பர் கேட்க, "விசுவாசிக்கிறேன்" என்றது அந்தச் சின்னக் குரல். முங்கி எழுந்த மகளின் முகத்தைப் பார்த்தபோது அகனேட்டாவுக்கு நெஞ்சு நிறைந்து கண்ணீர் வந்தது. அந்த ஐந்து நிமிஷம் அவள் மணி பார்க்கவில்லை. மற்ற இருவரும் முங்கி எழுந்து, ஒரு பாட்டும் பாடி முடித்தபோது பதினொன்று தாண்டி ஐந்து நிமிஷம்.

கரையில் சகின்பெக் குதிரைமேல் உட்கார்ந்திருந்தான். கையில் முறைச்சீட்டு.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பதினொண்ணு தாண்டிருச்சு. இனி வீபெ முறை. உங்க கடவுளும் எங்க கடவுளும் பேசி முடிச்சாலும் சீட்டு சீட்டுதான்."

"காலைலருந்து தேங்கி நிக்கிறது எங்க தண்ணிய்யா!"

"பேசினவரு நிறுத்தலயே, நான் என்ன பண்ணட்டும்?"

வீபெ ஏற்கெனவே மதகின்மேல் ஏறி நின்றான். கோட்டுக் கையை மடித்துவிட்டுத் தன் பலகையைத் தூக்கினான். அகனேட்டாவின் ஐந்து மணி நேரத் தண்ணீர் மொத்தமும் இரைச்சலோடு அவன் வாய்க்காலில் இறங்கியது. மூப்பர் தலையைச் சொறிந்தார். "அடுத்த முறைல பாத்துக்கலாம் சகோதரி. ஆண்டவர் சித்தம்."

"ஆண்டவர ஏன் இழுக்கீங்க?" என்றாள் அகனேட்டா. "ஐசாக், ஒரு மணி நேரம் விடு. நாலு பார்தான்."

வீபெ அவளைப் பார்க்காமலே சொன்னான். "முறைன்னா முறைதான் சகோதரி. சீட்டுப்படி நடக்கணும். ஆளாளுக்கு இஷ்டத்துக்கு மதகத் தொட்டா ஊரு என்னத்துக்கு ஆகும்?"

இதைக் கேட்டதும் அவளுக்குள் ஒன்று பொத்துக்கொண்டு போயிற்று. ஆறு வாரமாக அடக்கிவைத்தது. ஞாயிற்றுக்கிழமைச் செருப்போடு, கறுப்புப் பாவாடையோடு வாய்க்காலில் இறங்கினாள். வீபெ மதகைவிட்டு இறங்கிக் கரையில் கோட்டை உதறிக்கொண்டிருந்தான். அவள் அவன் பலகையை ஓங்கி இறக்கினாள். தன் பலகையைத் தூக்கினாள். வண்டல் அடைத்திருந்த தன் வாய்க்கால் வாயை, மதகோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்து வெட்டினாள். தண்ணீர் பாப்ளார் மரத்தைப் பார்த்து ஓடியது.

"சகோதரி! ஓய்வுநாள்ல மண்வெட்டியா!" என்றார் மூப்பர். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜெர்மனிப் பிரசங்கியார் வேதப்புத்தகத்தை மூடினார். யுஸ்டினா ஈர உடுப்போடு நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"ஏ! ஏ! என் தண்ணி!" வீபெ மதகுக்கு ஓடிவந்தான். முகம் சிவந்துவிட்டது. "பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே எல்லாரும்? பட்டப்பகல்ல திருடுறா! பதினொண்ணுக்கு மேல அது என் தண்ணி! என் செடி காயுது! இது திருட்டு இல்லாம என்ன?"

அகனேட்டா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். முழங்கால்வரை சேறு. மூச்சு வாங்கியது.

"இன்னொரு தடவ சொல்லு ஐசாக். அடுத்தவங்க முறையில மதகத் தொட்டா அதுக்குப் பேரு என்ன?"

"திருட்டு!" என்று கத்தினான் வீபெ. கத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். முப்பது பேரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் மலையைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்க்கவில்லை. சகின்பெக்கின் குதிரை மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அகனேட்டா டீட்ரிக்கின் கையைப் பிடித்து மணி பார்த்தாள். பிறகு தன் பலகையை இறக்கி, அவன் பலகையைத் தூக்கிவிட்டாள். தண்ணீர் வீபெயின் வயலுக்குத் திரும்பியது. மண்வெட்டியைக் கழுவி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

ஜெபவீட்டில் மேஜைமேல் அப்பம் வெள்ளைத் துணிக்கடியில் இருந்தது. பக்கத்தில் திராட்சரசக் கிண்ணம். மூப்பர் வழக்கம்போலக் கேட்டார், அன்றைக்குக் குரல் அவ்வளவாக எழும்பவில்லை. "அறிக்கை செய்ய வேண்டியவர்கள், மனத்தாங்கல் உள்ளவர்கள், எழுந்து சொல்லலாம்."

அகனேட்டா எழுந்தாள். பாவாடை ஓரத்திலிருந்து சேற்றுத் தண்ணீர் பலகைத் தரையில் சொட்டியது. டீட்ரிக் ஆண்கள் பக்கமிருந்து கண்ணால் கெஞ்சினார். அவள் கண்ணை மூடவில்லை. மேலேயும் பார்க்கவில்லை. நேராக வீபெயைப் பார்த்தாள்.

"ஐசாக், இன்னைக்கு ஞாயித்துக்கிழம, பதினொண்ணு பத்துலருந்து பதினொண்ணு இருபது வரைக்கும், உன் முறையில உன் தண்ணியத் திருடினேன். பத்து நிமிஷம். எங்க வயல்ல ரெண்டு பார் நனஞ்சுது. தெரிஞ்சேதான் செஞ்சேன், கோவத்துல செஞ்சேன். அடுத்த எங்க முறையில பத்து நிமிஷத்த உனக்குத் திருப்பி விடுறேன். சகின்பெக்கிட்ட சொல்லிட்டேன், சீட்டுல எழுதிட்டான். ஆண்டவர்கிட்ட அப்புறம் கேட்டுக்கிடுதேன். மொதல்ல உங்கிட்ட கேக்கேன். என்ன மன்னிப்பியா?"

சொல்லிவிட்டு அவள் உட்காரவில்லை. கேட்டவளுக்குப் பதில் வராமல் அப்பம் பிட்க முடியாது, அது அந்தச் சபையின் கட்டுப்பாடு. மூப்பர் மேஜையோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முன்வரிசையில் தலை ஈரம் காயாத யுஸ்டினா அப்பத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வீபெ எழுந்தான். தொண்டையைச் செருமினான். கையைக் கோத்துத் தலையைக் குனிந்து கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"பரலோகப் பிதாவே, நாங்கள் எல்லோரும் பலவீனமுள்ள பாத்திரங்கள். ஒரு காரியத்தில் நானும்..."

"கண்ணத் தொறங்க."

பெண்கள் பக்கம் கடைசி வரிசையிலிருந்து வந்தது குரல். ஜெபத்துக்கு நடுவில் அங்கே எந்தப் பெண்ணும் பேசியதில்லை. லீஸ்பெட் எழுந்து நின்றிருந்தாள். முன்பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"கண்ணத் தொறங்க. அவர அப்புறம் பாத்துக்கலாம். அவகிட்ட சொல்லுங்க. அவ கேட்ட மாதிரியே சொல்லுங்க, தேதியோட."

மூப்பர் அவளை உட்காரச் சொல்லக் கையைத் தூக்கினார். பிறகு அதை இறக்கிக்கொண்டார்.

வீபெ கோத்த கையைப் பிரித்தான். இந்தத் தடவை அழுகை எதுவும் வரவில்லை. கடைசியில் கண்ணைத் திறந்து, அந்தச் சேற்றுப் பாவாடைக்காரியைப் பார்த்தான்.

"அகனேட்டா, ஜூலை பதினொண்ணு" என்றான். "வியாழக்கிழம. அடக்கத்துலருந்து எந்திரிச்சுப் போனேன்ல? எனக்கு வயித்துவலி ஒண்ணும் இல்ல."